பெலிகன் கிளப்பின் பின்கதவு

2016 பிப்ரவரி 2, செவ்வாய்க்கிழமை, காலை 9.40
கடிதம் எண் 1
பொருள்: கிரேன்மவுத், பெலிகன் கிளப்பின் உரிம மாற்ற மனு

அன்புள்ள எனிட்,

உன் அஞ்சலட்டை நேற்று, பிப்ரவரி 1 அன்று, கிடைத்தது. அதில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடியால் பார்த்து ஜனவரி 30 என்று தெரிந்துகொண்டேன். 2007 கிறிஸ்துமஸ் விருந்தில் நீ என்னைக் "குடிகாரர்களின் பாரிஸ்டர்" என்று அழைத்ததும், புட்டிங் வருவதற்கு முன்பே நான் எழுந்து சென்றதும் நினைவிருக்கும். அதன் பிறகு உன்னிடமிருந்து வந்துள்ள முதல் அஞ்சல் இது. குறித்துக்கொண்டேன்; அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். உன் வீட்டுக்குப் பின்னாலுள்ள கிளப், விடிகாலை நான்கு மணிவரை திறந்திருக்கவும் இன்னும் இருநூறு பேரை உள்ளே விடவும் அனுமதி கேட்டிருக்கிறது. சனிக்கிழமைகளில், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, பின்பக்கத்து அவசரக் கதவைச் சங்கிலியால் பூட்டுகிறார்கள். உன் குளியலறை ஜன்னலிலிருந்து அது தெரிகிறது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கிளப்புகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் உரிமம் வாங்கித் தந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் தரப்பு உண்மையிலேயே கவலைப்படுவது ஒரு வகைக் கடிதத்துக்குத்தான்: பெயரும் முகவரியும் உள்ள ஒருவர், தம் கண்ணால் கண்டதை மட்டும் எழுதியது. பெயரில்லாக் கடிதத்துக்கு நகரமன்றத்தில் மதிப்பில்லை. ஆகவே முழுப்பெயர், முழு முகவரி, எங்கிருந்து பார்த்தாய், எந்தெந்தத் தேதியில் பார்த்தாய் என்று எழுதி அனுப்பு. நகரமன்றத்தில் ஆட்சேபம் கொடுக்கக் கடைசி நாள் பிப்ரவரி 22. தேதிகள் இல்லாமல் அனுப்புவதானால் என் தங்கை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே.

லயனல்

*

வெள்ளிக்கிழமை. (இதுக்கு மேல வேணும்னா முத்திரையைப் பாரு.)

லயனல்,

நீ சொன்னபடியே எழுதி நகரமன்றத்துல கொடுத்துட்டேன். முழுப்பெயர் எனிட் ப்ரௌஸ், வீட்டு நம்பர், தெரு, எல்லாம். நாலு சனிக்கிழமைக்கும் தேதி போட்டிருக்கேன். குளியல்தொட்டி விளிம்புல ஏறி நின்னு பார்த்தேன்னுகூட மறைக்காம எழுதிட்டேன். சந்தோஷமா?

அந்தச் சங்கிலிக்காரன் எப்படி வருவான் தெரியுமா? மப்ளர் மாதிரி கழுத்துல சுத்திக்கிட்டு, விசில் அடிச்சுக்கிட்டு. மாட்டிப் பூட்டிட்டு சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிடுவான். உள்ள இருக்கிற பசங்க கதவைத் திறந்து சிநேகிதங்களைக் காசில்லாம விட்டுடுறாங்களாம், அதுக்காம்.

உனக்கு எழுதுறதுக்கு முன்னாடியே தீயணைப்புத் துறைக்குச் சொன்னேன். அவங்க கிளப்புல நேரம் வாங்கிக்கிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்தாங்க. கதவு வெண்ணெய் மாதிரி திறந்துச்சு. டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. சனிக்கிழமை போடுற சங்கிலி செவ்வாய்க்கிழமை எங்கிருந்து வரும்?

நான் நாப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவ. அதுங்கள்ல பாதி இப்போ சனிக்கிழமை அங்கதான் ஆடுது. தண்ணியில ஒண்ணைக்கூட விட்டதில்ல நான். அவ்வளவுதான் விஷயம். உன்கிட்ட கேட்க எனக்கு ஒண்ணும் ஆசையில்ல.

எனிட்

*

2016 பிப்ரவரி 8, திங்கட்கிழமை, மாலை 4.15
கடிதம் எண் 2

அன்புள்ள எனிட்,

கடிதம் கிடைத்தது. குளியல்தொட்டி விளிம்பைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம்.

மார்ச் 15 அன்று நகரமன்ற உரிமக் குழு நடத்தும் விசாரணைக்குக் கிளப்பின் சார்பில் வரப்போகிறவர் செட்ரிக் ஆன்ஸ்லோ என்று கேள்விப்பட்டேன். பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் அலுவலகத்தில் எதிர் அறையில் இருந்தவர், மிக மரியாதையான மனிதர். "அம்மையாரே, விளிம்பு எவ்வளவு அகலம்? ஈரமாக இருந்ததா? அப்போது கண்ணாடி அணிந்திருந்தீர்களா? எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்?" என்று கேட்பார். நான்காவது கேள்விக்குள் குழுவின் மூன்று உறுப்பினர்களும் உன்னைக் குளியல்துண்டோடு கற்பனை செய்துகொண்டிருப்பார்கள், சங்கிலி மறந்துபோயிருக்கும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். பதில்களை இப்போதே எழுதி வைத்துக்கொள்.

தேதி போடு.

லயனல்

*

2016 பிப்ரவரி 11, வியாழன், சாயங்காலம் ஆறு மணி

லயனல்,

பாரு, தேதி போட்டிருக்கேன். நேரமும்.

இன்னிக்குக் காலைல கிளப் முதலாளி மடாக் வீட்டுக்கு வந்தான். கையில சாக்லேட் டப்பா. வாசல்லேயே நின்னான், உள்ள வரேன்னுகூடச் சொல்லல.

"ப்ரௌஸ் அம்மா, என்னைத் தெரியலையா? எனக்கு ஏழு வயசுல நீங்கதான் நீச்சல் சொல்லிக்கொடுத்தீங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டே குதிப்பேன், திட்டுவீங்க."

"நல்லா ஞாபகம் இருக்கு. இன்னிக்கும் உன் முகத்தைப் பார்த்தா மூக்கைப் பிடிச்சுக்கத்தான் தோணுது"ன்னேன்.

சிரிச்சான் லயனல். நல்லாவே சிரிச்சான். அப்புறம் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். என் கடிதம்! நான் நகரமன்றத்துக்கு எழுதினது, என் கையெழுத்தோட. விரலை வச்சுக்கிட்டு வாசிச்சான். "'குளியல்தொட்டி விளிம்பில் ஏறி நின்று.' பார்த்தும்மா. இந்த வயசுல வழுக்கி விழுந்தா யாரு வந்து தூக்குவா? தனியா வேற இருக்கீங்க."

நான் கதவுப் பிடியை விடாம நின்னேன்.

"இன்னும் தினம் காலைல கடல்ல நீந்துறீங்களாமே, சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு? பிப்ரவரித் தண்ணிம்மா. நெஞ்சு பிடிச்சுக்கும். பத்திரம்."

சாக்லேட்டை என் கையில வச்சுட்டுப் போனான். கேட்டை மெதுவா, சத்தமில்லாமச் சாத்திட்டுப் போனான்.

அவன் கையில என் கடிதம் எப்படி வந்துச்சு? நகரமன்றத்துக்கு ஃபோன் பண்ணினா, அந்தப் பொண்ணு ரொம்ப இயல்பா, "ஆமாங்க, எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் அனுப்பணும், அதான் விதி"ங்கிறா. விதியாம். உனக்குத் தெரியாதா அது? பெயர் எழுது, முகவரி எழுது, ஜன்னலை எழுதுன்னு இவ்வளவு சொன்னியே. அது நேரா அவன் கைக்குப் போகும்னு ஒரு வரி சொல்லத் தோணலையா உனக்கு?

எனிட்

*

2016 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.05
கடிதம் எண் 3

அன்புள்ள எனிட்,

தோன்றவில்லை. அதுதான் உண்மை.

ஆட்சேபங்களின் நகல்கள் ஒரு கட்டாக, சிவப்பு நாடா கட்டி, என் மேசைக்கு வரும். பெயர்களைப் படிப்பேன், முகவரிகளை வரைபடத்தில் ஊசி குத்திக் குறிப்பேன். அந்த ஊசி குத்திய இடத்தில் ஒரு வாசற்கதவு இருக்கும், அதை யாரேனும் தட்டக்கூடும் என்று என் தொழிலில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நகல் போகும் என்பது எனக்கு, மழை பெய்தால் நனையும் என்பதைப் போல. அதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று தெரியாமல் போயிற்று.

உண்மையான அச்சம் இருந்தால் பெயரை மறைத்து அனுப்பும்படி நகரமன்றத்தைக் கேட்க வழியுண்டு. ஆனால் உன் கடிதம் ஏற்கெனவே போய்விட்டது. போகாதிருந்தாலும் பயனில்லை. அந்தக் கதவைப் பார்க்கும் ஜன்னல் ஊரில் ஒன்றுதான். பெயரை மறைக்கலாம், ஜன்னலை எப்படி மறைப்பது?

காவல் நிலையத்தில் சொல். சாக்லேட்டைத் தின்னாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, கடலுக்குப் போகாதே. இதை அண்ணனாகச் சொல்கிறேனா வழக்கறிஞனாகச் சொல்கிறேனா என்று கேட்காதே. போகாதே.

லயனல்

*

2016 பிப்ரவரி 15, திங்கள், காலை

அண்ணா,

நீ போகாதேன்னு எழுதினது சனிக்கிழமையே வந்துச்சு. நேத்து ஞாயித்துக்கிழமை காலைல போனேன். நீ சொன்னதனாலதான் போனேன்னு வச்சுக்கோயேன்.

கரையில எப்பவும் போல அந்தத் தட்டைப் பாறை மேல துணியை வச்சுட்டு இறங்கினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன், பாறை மேல நீலமா என் துண்டு தெரிஞ்சுது. ரெண்டாவது தடவை பார்க்கிறப்போ தெரியல.

கரைக்கு வந்தா பாறை மேல ஒண்ணுமில்ல. கோட்டு இல்ல, செருப்பு இல்ல. பிளாஸ்க் மட்டும் இருந்துச்சு. மூடியைத் திறந்து, அதுல டீ ஊத்தி வச்சிருந்தாங்க. ஆவி பறந்துக்கிட்டிருந்துச்சு அண்ணா. கரையில ஒரு ஆள் இல்ல.

நீச்சல் உடுப்போட, தொப்பியோட, வெறுங்கால்ல தெருவழியா நடந்து வந்தேன். பல்லு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வாசப்படியில என் துணியெல்லாம் இருந்துச்சு, கடையில மடிக்கிற மாதிரி மடிச்சு. செருப்பு ஜோடியா. எல்லாத்துக்கும் மேல என் வீட்டுச் சாவி. கோட்டுப் பையில இருந்தது.

துண்டு மட்டும் இல்ல.

போலீஸ்காரன் வந்தான், சின்னப் பையன். "துணியை மடிச்சு வச்சிருக்காங்க, சாவியையும் கொடுத்துட்டாங்க... இதுல என்ன புகார்னு எழுதட்டும்மா?"னு கேட்டான். பூட்டை மாத்திட்டேன். குளியலறைக் கதவையும் சாத்தியே வச்சிருக்கேன். சமையலறைத் தொட்டியிலதான் முகம் கழுவுறேன்.

சாயங்காலம் உனக்கு ஃபோன் பண்ணினேன். "யார்?"னு நீ கேட்டதும் வச்சிட்டேன்.

நான் அந்த ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். எப்படின்னு எழுது. அந்தப் பிள்ளைங்க இன்னும் அங்கதான் ஆடுதுன்னு தெரியும். ஆனா என்னால முடியல.

எனிட்

*

2016 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை, காலை 11.20
கடிதம் எண் 4

அன்புள்ள எனிட்,

ஞாயிறு மாலை 4.10க்கு ஓர் அழைப்பு வந்து, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டு, துண்டிக்கப்பட்டது. அன்றிரவு வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலியை வைத்துவிட்டுப் படுத்தேன். அது நீதான் என்று இன்று தெரிந்த பின்னும் நாற்காலியை எடுக்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள்வரை வாபஸ் வாங்கலாம். ஒரு வரி எழுதினால் போதும். வாங்கிக்கொள். யாரும் குறை சொல்ல முடியாது, நான் சொல்ல விடவும் மாட்டேன். ஆனால் பிப்ரவரி 22 வரை பொறுத்திரு. நீ விலகினால் அந்தச் சங்கிலியைப் பற்றிச் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்.

2012 ஏப்ரல் 25 முதல், ஆட்சேபிப்பவர் அருகில் வசிக்கவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. அந்த மாற்றத்தைக் கண்டித்து எங்கள் தொழில் இதழில் ஒரு கட்டுரை எழுதினேன். "இனி லண்டனிலுள்ள வேலையற்ற கிழவர் ஒருவர், கடற்கரை ஊர் ஒன்றின் கிளப்பை எதிர்த்துக் கிளம்புவார்" என்று அதில் எச்சரித்திருந்தேன்.

அந்தக் கதவு உன் ஜன்னலிலிருந்து மட்டும் தெரிவதல்ல. உள்ளிருந்தும் அதைத் தள்ளிப் பார்க்கலாம்.

நானூற்றுக்கும் மேற்பட்ட கிளப்புகளுக்காக வாதாடியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றுக்குள்ளும், ஆட்கள் ஆடும் நேரத்தில், நான் காலடி வைத்ததில்லை. இத்தகைய இடங்களுக்கு ஆண்கள் கழுத்துப்பட்டி அணிந்து செல்வதுண்டா? தெரிந்தால் மறுதபாலில் எழுது.

லயனல்

*

பிப்ரவரி 18

பைத்தியமா உனக்கு? எழுபத்துநாலு வயசு. மாடிப்படி ஏறினாலே நின்னு மூச்சு வாங்குற ஆளு. வராதே. கேட்டுதா, வராதே.

டை எல்லாம் யாரும் கட்டமாட்டாங்க.

எனிட்

*

2016 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.30
கடிதம் எண் 5

அன்புள்ள எனிட்,

உன் ஊருக்கு வந்து, உன்னைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நம்மிருவரையும் ஒருவரோடொருவர் சேர்த்து யாரும் பார்க்கக்கூடாது என்பதே காரணம். நீ மணமாகி ப்ரௌஸ் ஆனதற்காக உன் மறைந்த கணவருக்கு முதன்முறையாக நன்றி சொன்னேன். கார்சைட் என்ற என் பெயரைக் கண்டு உன்னை யாரும் நினைக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை இரவு 10.25க்கு பெலிகன் வாசலில் நின்றேன். கழுத்துப்பட்டி அணிந்தே சென்றேன். இல்லாமல் என்னால் பேச முடிவதில்லை.

காவலாள் குனிந்து, "தாத்தா, வயசானவங்க ஆடுற பிங்கோ ஹால் அடுத்த தெரு" என்றான்.

"எனக்கு இங்கேதான் வேலை. நுழைவுக் கட்டணம் எவ்வளவு?"

"பேத்தியைத் தேடி வந்திருக்கீங்களா? சண்டையெல்லாம் போடக்கூடாது, சரியா?" என்று சிரித்துவிட்டு உள்ளே விட்டான். புறங்கையில் ஊதா மையில் ஒரு பெலிகன் முத்திரை குத்தினார்கள். எவ்வளவு சோப்புப் போட்டும் இன்னும் போகவில்லை.

உள்ளே என்ன இருந்தது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, எனிட். சத்தம் காதில் கேட்கவில்லை. விலா எலும்பில் கேட்டது. ஒரு பெண் என் காதருகே, "சூப்பர் டை தாத்தா!" என்று கத்தினாள். உன்னிடம் நீச்சல் கற்றவளாக இருக்கலாம். "கொள்ளளவு" என்ற சொல்லை எத்தனை நூறு விசாரணைகளில் சொல்லியிருப்பேன். அது என் முதுகின்மேல் வந்து சாயும், கால் தரையில் பாவாமல் என்னைத் தூக்கிக்கொண்டுபோகும் என்று நினைத்ததில்லை. திரும்பிப் பார்த்தால் நான் நுழைந்த வாசல் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் "தீ" என்று விளையாட்டுக்குச் சொல்லியிருந்தால்கூட நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பின்கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது, "வழி" என்ற எழுத்தோடு. கீழே குறுக்குக் கம்பி. இரண்டு கைகளாலும் தள்ளினேன். கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. பிறகு சங்கிலி இறுகிக் கதவு நின்றது. இடுக்கில் அதைக் கண்ணால் பார்த்தேன், தொட்டும் பார்த்தேன். இடுக்கு வழியே, சுவருக்கு மேலே, இருட்டாக ஒரு சிறு ஜன்னல் தெரிந்தது. உன்னுடையது.

தோளில் ஒரு கை விழுந்தது. "அது வழி இல்ல சார்."

"மேலே விளக்கில் வழி என்று எழுதியிருக்கிறதே?"

"அது சும்மா லைட்டு சார்."

இதை அப்படியே எழுதி, நேற்றைய தேதியும் நேரமும் இட்டு, என் பெயரில், என் முகவரியோடு, இன்று காலை நகரமன்றத்துக்கு மின்னஞ்சலில் ஆட்சேபம் அனுப்பிவிட்டேன். உன் ஜன்னலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நகல் யாருக்குப் போகும் என்று இம்முறை தெரிந்தே அனுப்பினேன். தீயணைப்புத் துறைக்கும் சாட்சியம் எழுதி, சொல்லாமல், ஒரு சனிக்கிழமை இரவு வரும்படி கேட்டிருக்கிறேன்.

விடுதிக்குத் திரும்பும்போது உன் தெரு வழியாகச் செல்லவேண்டிய தேவை எதுவும் இல்லை. சென்றேன். உன் கேட் தாழ்ப்பாள் விழாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டு நடந்தேன்.

லயனல்

*

பிப்ரவரி 24, புதன், காலை எட்டு மணி

அண்ணா,

கேட்டைப் போட்டது நீதானா? கடவுளே. தாழ்ப்பாள் விழுற சத்தம் கேட்டதும் இரும்புக் கரண்டியை எடுத்துக்கிட்டு மாடிப்படியில விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவன்தான் வந்துட்டான்னு நினைச்சேன். கதவைத் தட்டியிருந்தா உன் மண்டை உடைஞ்சிருக்கும்.

நல்லா இருக்கியான்னு எழுது. உன் தெருவுல விளக்கு எரியுதா? உன் வாசல் தெருவைப் பார்த்தா மாதிரி இருக்கு இல்ல? சொல்லாம எவனாவது சாக்லேட்டோட வந்தா திறக்காதே.

இன்னிக்கு வரைக்கும் நம்ம வீட்டுல பயந்தாங்கொள்ளி நீதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இடி இடிச்சா நீதானே மேசைக்கு அடியில போவே.

எனிட்

*

2016 மார்ச் 1, செவ்வாய்க்கிழமை, காலை 10.50
கடிதம் எண் 6
பொருள்: மேற்படி, மற்றும் உன் பயணம்

அன்புள்ள எனிட்,

இடி விஷயம் 1949இல் நடந்தது. ஒரே ஒரு முறை.

பிப்ரவரி 27, சனிக்கிழமை இரவு, தீயணைப்புத் துறையினர் முன்னறிவிப்பின்றி பெலிகனுக்குச் சென்றார்கள். சங்கிலி பூட்டியிருந்தது. மடாக் சாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த அனைவரையும் அந்தப் பின்கதவு வழியாகவே வெளியேற்றினார்கள். கிளப்பைத் திறக்கத் தடை விதித்திருக்கிறார்கள். நீ குளியலறைக் கதவைச் சாத்தி வைத்திராவிட்டால் எல்லாவற்றையும் பார்த்திருப்பாய். உன் மாணவர்கள் ஒருவரும் குறையாமல் வெளியே வந்தார்கள் என்று அதிகாரி தொலைபேசியில் சொன்னார். மார்ச் 15 விசாரணையில் அவரே என் ஆட்சேபத்துக்குச் சாட்சியாக வருகிறார். ஆன்ஸ்லோ அவரிடம் குளியல்தொட்டியைப் பற்றிக் கேட்க முடியாது.

ஆகவே உன் பெயர் இனித் தேவையில்லை. வாபஸ் கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்திடுவதும் கிழித்துப் போடுவதும் உன் விருப்பம்.

என் தெருவில் விளக்கு எரிகிறது. வாசலும் தெருவைப் பார்த்தது போலத்தான் இருக்கிறது. மேசைக்கு அடியில் போக எனக்கு இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை, இல்லாவிட்டால் போயிருப்பேன்.

என் பெயரைக் கண்டு உன்னை யாரும் நினைக்கமாட்டார்கள் என்று பிப்ரவரி 21 அன்று எழுதியிருந்தேன். அது தவறு. அந்தத் தாழ்ப்பாளை நான் போட்டபோது தெருவில் வேறு யாரோ நின்றிருக்கிறார்கள். ஆதாரம் இணைப்பு எண் 5இல் உள்ளது. அதனால் நீ வியாழக்கிழமை, மார்ச் 3 அன்று, காலை ரயிலில் கிளம்பி இங்கே வந்துவிடு. விசாரணை முடியும்வரை இரு. இரண்டு வீடுகளில் தனித்தனியாக விழித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ரயில் நிலையத்துக்கு நான் வருவேன். புட்டிங் வாங்கி வைத்திருக்கிறேன். இம்முறை முடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. என் ஆட்சேபத்தின் நகல்.
2. உன் வாபஸ் கடிதம், கையெழுத்துக்காக.
3. ரயில் பயணச்சீட்டு, மார்ச் 3, கிரேன்மவுத்–லண்டன், ஒருவழி.
4. என் வாசற்கதவுச் சாவி. திருப்பும்போது கதவைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கவும். உள்ளே நாற்காலி இருக்கும். முதலில் குரல் கொடு.
5. உன் நீலத் துண்டு. இன்று காலை 6.30க்கு என் வாசற்படியில் இருந்தது. கடையில் மடிப்பதைப் போல மடித்திருந்தது.